ஊர்க் களத்தில் போட்ட வேலியை அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள்,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: களம் புறம்போக்கை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, பொதுப் பயன்பாட்டுக்கு மீட்டுத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் அறுத்து, சூடடித்துத் தூற்றிய களம் இது. கிராமக் கணக்கில் இன்றும் களம் புறம்போக்குதான். அறுவடை இயந்திரம் வந்தபின் சூடடிப்பு நின்றது உண்மை. ஆனால் நெல் காயப்போடவும், வைக்கோல் போடவும், கோயில் கொடைக்குப் பந்தல் போடவும், பிள்ளைகள் பந்து விளையாடவும் எங்களுக்கு வேறு இடம் கிடையாது. பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் அதில் கல்லுக்கால் நட்டு வேலி போட்டுவிட்டார். கேட்டால், "சும்மாதானே கிடக்கு" என்கிறார். இப்போது நெல்லை ரோட்டில் காயப்போடுகிறோம். பைக்கில் வருகிறவர்கள் சறுக்கிவிடுவார்களோ என்று பதற்றமாகவே இருக்கிறது.

மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, தோப்புப் புறம்போக்கு எல்லாம் கிராம ஊராட்சியைச் சேர்ந்தவை என்று 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 134-ஆவது பிரிவு சொல்கிறது. பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா மாவட்டத்தில் ஊர்க்குளத்தை மண் போட்டு நிரப்பி வீடு கட்டிய ஜக்பால் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் 28.01.2011 அன்று தீர்ப்பளித்தது. பல வருடம் அனுபவித்தோம், பணம் செலவழித்துக் கட்டினோம் என்பதெல்லாம் காரணமாகாது; ஊர்ப் பொதுநிலங்களை மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. நிலமில்லாத ஏழைகளுக்கு அரசே கொடுத்த இடத்துக்கும், பள்ளிக்கூடம், மருந்தகம் இருக்கும் இடத்துக்கும் விலக்கு உண்டு. அது நியாயமானது. இந்த வேலிக்கு அந்த விலக்கு பொருந்தாது.

இங்கிலாந்தில் பெர்க்காம்ஸ்டெட் பொதுவெளியில் பிரபு ஒருவர் போட்ட இரும்பு வேலியை, 1866-ல் லண்டனிலிருந்து ரயிலில் வந்த தொழிலாளர்கள் இரவோடு இரவாகப் பிடுங்கிப் போட்டார்கள். 1870-ல் நீதிமன்றமும் பொதுவெளி உரிமையை நிலைநாட்டியது. எங்களுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. அதனால் வேலியில் கை வைக்காமல் தங்களிடம் வந்திருக்கிறோம்.

வட்ட நில அளவரை அனுப்பி, ஊரார் முன்னிலையில் அளந்து கல் நட வேண்டுகிறோம். நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து, அடுத்த அறுவடைக்கு முன் வேலியை எடுக்க வேண்டும். அதுவரை இந்த நிலத்தின் வகைப்பாட்டை மாற்றவோ பட்டா வழங்கவோ கூடாது. அப்புறம், அளக்கும் நாளை முன்கூட்டியே எங்களுக்குத் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: அ பதிவேடு நகல், புலப்பட நகல், கையெழுத்துப் படிவம்.