சங்கத்தின் கடிதங்கள் ஒரே மடிக்கணினிக்குள் அடைந்து கிடக்கக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் கணினிப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறேன். போனைப் பற்றியும் வட்ஸ்அப்பைப் பற்றியும் நிறைய வருகிறது. எங்களைப் போன்ற கிராமத்துச் சங்கங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுகிற ஒரு விடயம், சங்கத்தின் ஈமெயிலைத் தொலையாமல் வைத்திருப்பது எப்படி என்பது, இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒட்டுசுட்டான் பக்கம் கச்சான் உடைத்து, வறுத்து, பக்கெற் போட்டு விற்கும் பெண்கள் சங்கமொன்றின் செயலாளர் நான். கொழும்பில் இரண்டு கடைகளும் யாழ்ப்பாணத்தில் ஒன்றும் எங்களிடம் வாங்குகின்றன. ஓடர், விலைப்பட்டியல், வங்கிச் சிட்டை எல்லாம் ஈமெயிலில்தான் வந்துபோகும். எங்களுக்கு உதவிய ஒருவர் சில வருடங்களுக்கு முன் சங்கத்தின் பெயரிலேயே டொமைன், அதாவது ஈமெயில் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வரும் பெயர், வாங்கித் தந்தார். அது நல்ல காரியம். இலவச முகவரி என்றால் அதைத் திறந்த பிள்ளையின் போன் நம்பரோடு ஒட்டியிருக்கும்; பிள்ளை கலியாணம் கட்டி வேறு ஊருக்குப் போனால் முகவரியும் கூடவே போய்விடும். சங்கப் பெயரில் இருந்தால், செயலாளர் யாராக இருந்தாலும் கடைக்காரர் அதே முகவரிக்குத்தான் எழுதுவார்.

பிழை நடந்தது கணினியில் இணைத்தபோது. மடிக்கணினியில் தண்டர்பேர்ட் என்ற ஈமெயில் மென்பொருளைப் போட்டு, பொப் என்ற முறையில் இணைத்துவிட்டுப் போனார். பொப்பில் கடிதம் சேர்வரிலிருந்து, அதாவது இணையத்தில் எங்கள் கடிதங்களை வைத்திருக்கும் கணினியிலிருந்து, எங்கள் கணினிக்கு இறங்கிவிடும். எங்களுடையதில் 14 நாள் என்று குறித்திருந்தது. அதன்பிறகு சேர்வரில் உள்ள பிரதி அழிந்துவிடும். அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. போன மார்கழி மழையில் அலுவலகக் கூரை ஒழுகி மடிக்கணினி நனைந்துவிட்டது. வேறு கணினியில் திறந்து பார்த்தால் கடைசி இரண்டு கிழமைக் கடிதங்கள் மட்டும்தான். மூன்று வருடத்து ஓடர்கள் ஒன்றுமில்லை. ஒரு கடை 86 கிலோவுக்குக் காசு தரவேண்டியிருந்தது. அவர்கள் கேட்டதற்கும் நாங்கள் அனுப்பியதற்கும் எழுத்தில் இருந்த ஒரே ஆதாரம் அந்தக் கடிதங்கள்தான்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. 2009 இல் போரின் முடிவில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது ஒரு பொலித்தீன் பையில் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணிப் பேர்மிட் எல்லாவற்றையும் சுற்றி வைத்திருந்தேன். பேர்மிட் தண்ணீரில் ஊறி எழுத்தழிந்தது. அது என்னுடைய காணிதான் என்று காட்ட எத்தனை முறை கந்தோர் ஏறி இறங்கினேன் என்பதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கடதாசியை ஒரே பையில் வைத்து இழந்த சனம் நாங்கள். ஈமெயிலையும் அப்படி வைத்திருந்தோமே என்றுதான் மனம் கிடந்து வருந்தியது.

கிளிநொச்சியில் கணினி திருத்தும் தம்பி ஒருவர் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினார். தண்டர்பேர்ட் கடிதங்களை புரொபைல் என்ற கோப்புறைக்குள் வைத்திருக்கும். விண்டோஸில் அது ஆப்டேட்டா என்ற மறைவான இடத்துக்குள் இருக்கிறது. அதற்குள் இன்பொக்ஸ் என்று ஒரு கோப்பு. பெயருக்குப் பின்னால் புள்ளியுமில்லை, வேறெழுத்துமில்லை. தேவையில்லாததென்று நான் அழித்திருப்பேன். தம்பி அதை நோட்பேடில் திறந்து காட்டினார். தமிழில் எழுதியவை குறியீடுகளாகக் கிடந்தன. ஆனால் ஒவ்வொரு கடிதத்தின் மேலும் திகதியும் கடைக்காரரின் முகவரியும் தெளிவாக இருந்தன. அவற்றைக் கண்டதும் அழுதுவிட்டேன்.

புதிய இணைப்பை ஐமேப் முறையில் செய்தோம். இதில் கடிதங்கள் சேர்வரிலேயே இருக்கும். கணினியிலும் போனிலும் அதையேதான் பார்க்கிறோம். போர்ட் என்று கேட்கும் இடத்தில் வரும் கடிதத்துக்கு 993, போகும் கடிதத்துக்கு 465, இரண்டுக்கும் வழியில் யாரும் வாசிக்காமல் மறைக்கும் எஸ்எஸ்எல். சில ஹோஸ்டிங்கில், அதாவது சேர்வரை வாடகைக்குத் தரும் சேவையில், போகும் கடிதத்துக்கு 587 உம் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற இன்னொரு மறைப்பு முறையும் தருவார்கள். எங்கள் ஹோஸ்டிங்கில் பயனர் பெயருக்கு முழு ஈமெயில் முகவரியையும் எழுதவேண்டும். அட் குறிக்கு முன்னால் உள்ளதை மட்டும் எழுதிவிட்டு, கடவுச்சொல் பிழை என்று அரைநாள் மாற்றி மாற்றி அடித்தேன். சேர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழில் உள்ள பெயர் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் பரவாயில்லை என்று அழுத்திவிடாதீர்கள். ஹோஸ்டிங் தந்தவரிடம் சரியான சேர்வர் பெயரைக் கேளுங்கள்.

பழைய பொப் கணக்கை உடனே அழிக்கவில்லை. தண்டர்பேர்டில் அதன் பக்கத்தில் புதியதைச் சேர்த்து, பழையதிலிருந்து முதலில் 20 கடிதங்களைப் புதியதுக்கு இழுத்துப் போட்டோம். உலாவியில் வெப்மெயிலைத் திறந்து, அவை வந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் மிகுதியைப் போட்டோம். டொங்கிள் டேட்டாவில் இரண்டு இரவு ஓடியது. 86 கிலோக் கடிதமும் கிடைத்தது. கடைக்காரர் காசைப் போட்டுவிட்டார்.

ஐமேப்பிலும் ஒரு கவனம் வேண்டும். போனில் ஒருவர் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். அதனால் மாதமுடிவில் புரொபைல் கோப்புறையை பென் டிரைவில் எடுத்து பொருளாளரின் வீட்டில் வைக்கிறோம். எங்கள் கடிதங்கள் கடைகளின் ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்துகொண்டிருந்ததற்கும் அப்போதுதான் காரணம் தெரிந்தது. கடிதத்தை உண்மையில் யார் அனுப்பினார் என்று சரிபார்ப்பதில் 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இறுக்கமாக நிற்கின்றன. எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப எந்தச் சேர்வருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரி டொமைனின் டிஎன்எஸ் பதிவில் இருக்கிறதா என்பது அவர்கள் பார்க்கும் அடையாளங்களில் ஒன்று. எங்களுக்கு அது போடப்படவேயில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இன்னொன்று. டொமைன் சங்கத்தின் பெயர்தான். ஆனால் பதிவு உதவி செய்தவரின் பெயரில், அவருடைய வெளிநாட்டு நம்பரில். வருடாவருடம் புதுப்பிக்கத் தவறினால் அந்தப் பெயரை வேறொருவர் எடுக்கலாம். எடுத்தால் எங்களுக்கு வரும் கடிதமும் அவருக்கே போகும். மாற்றித் தரும்படி மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கூட்டுறவு உத்தியோகத்தர்கள் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வரும்போது, டொமைன் யாருடைய பெயரில், கடவுச்சொல் யாரிடம் என்றும் கேட்கவேண்டும். வங்கிப் புத்தகம் தலைவரின் தனிப்பெயரில் இருந்தால் விடுவார்களா?

உங்கள் கணினிப் பக்கத்தில் இதைப் படத்தோடு ஒரு முறை போடுங்கள். அதுவரைக்கும், ஒட்டுசுட்டான், மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கத்துச் சங்கங்கள் எங்களிடம் வரலாம். சனிக்கிழமை பின்னேரங்களில் கச்சான் வேலை இல்லை. கணினியும் கதிரையும் சும்மாதான் இருக்கின்றன. ஹோஸ்டிங் தந்தவர் அனுப்பிய கடிதத்தை அச்செடுத்துக் கொண்டு வாருங்கள், சேர்வர் பெயர் அதில்தான் இருக்கும்.

சங்கச் செயலாளர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.