வருமான வரம்பு வச்சாங்க, லீஸ் கதவை தொறந்து விட்டாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவுல எலக்ட்ரிக் கார் வாங்குறவங்களுக்கு இருந்த வரிச்சலுகை பத்தி உங்க பேப்பர்ல எழுதினப்போ, வசதியானவங்களுக்கு அது கிடையாது, வருமான வரம்பு உண்டுன்னு போட்டிருந்தீங்க. சட்டத்துல அப்படித்தான் இருந்துச்சு. ஆனா இங்க கலிஃபோர்னியாவுல நடந்தது வேற கதை சார்.

2022 ஆகஸ்ட்ல பைடன் கையெழுத்து போட்ட சட்டம் அது. புது காருக்கு 7,500 டாலர் வரைக்கும் சலுகை, தனி ஆளுன்னா வருஷ வருமானம் 1,50,000 டாலர், புருஷன் பொண்டாட்டி சேர்ந்து டாக்ஸ் ஃபைல் பண்ணா 3,00,000, அதுக்கு மேல ஒரு டாலர் போனாலும் மொத்தமும் போச்சு. போன வருஷ வருமானம் வரம்புக்குள்ள இருந்தாலும் போதும்னு ஒரு சின்ன கருணை வச்சிருந்தாங்க, அவ்வளவுதான். குழந்தைகளுக்கான வரிச்சலுகைல வரம்பை தாண்டுனா ஆயிரம் டாலருக்கு 50 டாலர்னு கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைப்பாங்க, அதே மாதிரி இதுக்கும் வச்சிருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்? மூணு லட்சமே பத்தாதுன்னு நம்ம ஐடி ஆளுங்க சிலர் பொலம்புவாங்க, அதுல எனக்கு உடன்பாடு இல்ல, வரம்பு வேணும்தான்.

என் கோபம் லீஸ் மேல, அதாவது காரை சொந்தமா வாங்காம மாச வாடகை கட்டி சில வருஷம் ஓட்டுற முறை மேல. சலுகை இருந்த காலத்துல ஷோரூம்ல சேல்ஸ்காரர் கிட்ட சம்பளம் கொஞ்சம் ஜாஸ்தின்னு சொன்னா போதும், அப்போ வாங்காதீங்க சார் லீஸ் போட்டுக்கோங்கன்னு அடுத்த பேப்பரை நீட்டினார், அதுல 7,500 டாலர் தள்ளுபடின்னு தனியா ஒரு வரியே இருந்துச்சு. ஏன்னா லீஸ்ல காரோட ஓனர் ஃபைனான்ஸ் கம்பெனி, அது கமர்ஷியல் வண்டி கணக்குல சலுகையை வாங்கிக்கிச்சு, ஓட்டுறவர் வருமானத்தை யாரும் கேக்கல. சொந்தமா வாங்குறவங்களுக்கு காரோட விலைக்கும் வரம்பு வச்சிருந்தாங்க, சாதா காருக்கு 55,000 டாலர், எஸ்யூவி மாதிரி பெரிய வண்டிக்கு 80,000, லீஸ்ல அதுவும் இல்ல. இந்த சட்டத்தை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான செனட்டர் ஜோ மான்சின், லீஸுக்கு இப்படி கொடுக்கிறது தப்புன்னு அப்பவே கத்தினார், யாரும் காதுல போட்டுக்கல. அப்போ வரம்பு யாரை தடுத்துச்சு? சொந்தமா வாங்கி பத்து வருஷம் ஓட்டணும்னு நெனச்ச ஆளை மட்டும்தான்.

வருமானம் கம்மியா இருக்கிறவங்க கதை இன்னும் மோசம். 2023 வரைக்கும், நீங்க கட்ட வேண்டிய வரி 3,000 டாலர்தான்னா சலுகையும் 3,000தான், மீதி காத்துல போச்சு. 2024 ஜனவரில இருந்துதான் டீலர் கிட்டயே விலைல கழிச்சுக்கலாம்னு மாத்தினாங்க, அப்போ வரி கம்மியா இருந்தாலும் முழுசா கிடைச்சுது. நல்ல மாத்தம், ரொம்ப லேட்.

2025 செப்டம்பர் 30-ஓட எல்லாத்தையும் மூடிட்டாங்க. இதுல எனக்கு நெஜமாவே வருத்தம் பழைய காருக்கு இருந்த சலுகை போனதுலதான். 25,000 டாலருக்குள்ள விலை, அதுல 30 சதவீதம், அதிகபட்சம் 4,000, தம்பதிக்கு வருமான வரம்பு 1,50,000, உண்மையிலேயே தேவைப்படுறவங்க கைக்கு போன காசு அது. அதுலயும் டீலர் கிட்ட வாங்கினாத்தான் கிடைச்சுது, தெரிஞ்சவர் கிட்ட நேரா வாங்கினா கிடைக்கல, டீலரும் அரசு போர்ட்டல்ல (வெப்சைட்ல) பதிவு பண்ணியிருக்கணும், எல்லாரும் பண்ணல. இங்க நம்ம ஆளுங்கள்ல பாதி பேருக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது. அடுத்த தடவை இதை பத்தி எழுதினா அந்த 4,000 டாலருக்கும் ஒரு பாரா ஒதுக்குங்க சார்.

இப்படிக்கு,
சான் ஹோசே வாசகர்