பாட்டி மாத்திரை போட்டாச்சா?

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

நலம். அம்மா முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாடிப்படி மட்டும் ஏறவிடாதே. சொன்னால் கேட்கிற ஆளா என்பது வேறு விஷயம்.

இங்கே பெரிய சேதி, பாப்பா நேற்று முதன்முதலாகச் சிநேகிதி வீட்டில் ராத்தங்கினாள். 8 வயது. நாங்கள் திருநகர், அவர்கள் பழங்காநத்தம்.

"பொம்பளப் பிள்ளைய இன்னொரு வீட்ல ராத்தங்க விடுவாங்களா?" என்று எங்கள் அம்மா மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்திரைத் திருவிழாவில், மூன்றுமாவடியில் அழகரை வரவேற்கிற எதிர்சேவை பார்த்துவிட்டு, விடிந்தால் அழகர் ஆற்றில் இறங்குவார் என்று கோரிப்பாளையத்தில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் படுத்தோமே, அன்றைக்கு என்னை மஞ்சப்பையில் துண்டும் டவுசரும் வைத்து அனுப்பியது இதே அம்மாதான். உங்கள் அம்மா 3 மணிக்கு எழுப்பிச் சுக்குக்காப்பி கொடுத்தது, வைகைக் கூட்டத்தில் நான் தொலைந்துவிடாமல் நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தது, எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "நீ பையன்." அவ்வளவுதான் பதில்.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. வீட்டில் யார் யார் இருப்பீர்கள், பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்று கூச்சத்தை விட்டுக் கேட்டுவிட்டேன். அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம், அங்கே பிடிக்கவில்லை என்றால் எல்லோர் முன்னாலும் பிள்ளையால் சொல்ல முடியாதே என்று என் வீட்டுக்காரி ஒரு சங்கேதம் சொல்லிக்கொடுத்தாள். போன் போட்டு "பாட்டி மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டால் போதும், மறு கேள்வி இல்லாமல் நான் போய்க் கூட்டிவந்துவிடுவேன்.

பத்தே முக்காலுக்குப் போன். "அப்பா, பாட்டி மாத்திரை போட்டாச்சா?"

கட்டியிருந்த லுங்கியோடு ஸ்கூட்டரை எடுத்தேன். திருப்பரங்குன்றம் தாண்டியதுகூட நினைவில்லை. கதவைத் திறந்தால், இரண்டு கையிலும் மருதாணி, பத்து விரலையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எதுக்குப்பா வந்த?"

"நீதானம்மா மாத்திரைய கேட்ட?"

"ஆமா. நான்தான தெனமும் பிரிச்சுக் குடுப்பேன், இன்னைக்கு யாரு குடுத்தா?"

சங்கேதமெல்லாம் மருதாணி வைக்கும்போதே மறந்தாச்சு. சிநேகிதியின் அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். தினமும் கேட்கிற கேள்வியையே சங்கேதமாக வைத்தது யார் புத்தி என்று வீட்டில் இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை.

திரும்பி வந்தால், அம்மா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது. மடியில் பிரஷர் மாத்திரை அட்டை, பிரிக்கவே இல்லை. நான் பிரித்துக் கொடுத்தேன். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, "சாப்பிட்டாளாமா?" என்று கேட்டது. மூன்று நாளில் தானாக என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

10 மணிக்கு அவளைக் கூட்டிவரப் போக வேண்டும். அம்மாவும் வருகிறதாம், சேலை மாற்றியாச்சு. மீதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். உங்கள் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் திருநகர் மாப்ளே