ஸ்பிரேயை இடுப்பில் கட்டு

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். மழை பிந்திவிட்டது, காலபோக விதைப்பு இன்னும் தொடங்கவில்லை. அது கிடக்கட்டும்.

தங்கச்சி உன் படத்தைக் காட்டினாள். முகத்தில் கரி பூசி, சில்லு வைத்த வில்லோடு பற்றைக்குள் குந்தியிருக்கிறாய். பூவரசந் தடியை வளைத்து ஈர்க்கு எய்த கைதானே என்று அம்மாவிடம் பெருமையாகத்தான் சொன்னேன். பிறகு படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். கரடிக்கு அடிக்கும் மிளகாய் ஸ்பிரே முதுகுப் பையின் பின்னால் தொங்குகிறது. அங்கே தொங்கி யாருக்குப் பயன்? கரடி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இடுப்பில் கட்டு. எதிர்க்காற்றில் அடித்தால் உன் கண்தான் எரியும், அதையும் பார்.

பக்கத்து வீட்டுப் பெடியனைக் கொண்டு எல்லாம் வாசிப்பித்தேன். கனடாவில் நீ இருக்கும் ஒன்ராறியோவில் வேட்டையாடுவது கறுப்புக் கரடியாம். மரத்தில் ஏறித் தப்பலாம் என்று நினைக்காதே, அது உன்னைவிட நன்றாக ஏறும். ஓடவும் கூடாது. அதைப் பார்த்தபடி, கதைத்தபடி, மெல்லப் பின்வாங்கு. செத்தவன் போலக் கிடப்பது மேற்கே உள்ள கிரிஸ்லிக் கரடிக்கு. இது மேலே பாய்ந்தால் கையில் அகப்பட்டதால் மூஞ்சியில் அடி. குட்டியோடு நிற்பதைத் தொடாதே. அம்பு பட்டதும் பின்னால் ஓடாதே. கொழுப்பும் மயிரும் இரத்தத்தை உறிஞ்சிவிடும், நிலத்தில் சொட்டுத் தெரியாது. பொழுதுபட்ட பிறகு தனியே பற்றைக்குள் தேடப் போய்விடாதே.

தனியே ஏன் போகிறாய்? படத்தில் வேறு ஒருவரையும் காணவில்லை. மூன்று மாதமாக உன் குரலும் இல்லை. மருமகளுக்குத் தீபாவளிக்குச் சேலை அனுப்புவதா என்று அம்மா கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

சித்தப்பாவின் முகத்தைப் பற்றி உனக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறேன். கோடாலியால் வெட்டிக் கரடியைத் துரத்தினேன் என்பது பொய்யில்லை. மற்றதை நான் சொல்லவில்லை. 1979, பாலைப்பழக் காலம், மடுக் காடு. காட்டில் கதைத்துக்கொண்டே நட என்பது அப்புவின் கட்டளை. கரடி புற்றைக் கிண்டிக் கறையானை உறிஞ்சும்போது ஆள் கிட்ட வருவது அதற்குத் தெரியாது. திடுக்கிட்டால் எழும்பி முகத்தைத்தான் பிறாண்டும். அன்று அவன் பாடிக்கொண்டு முன்னால் போனான். நான் ஈரமண்ணில் மரைமானின் காலடியைக் கண்டேன். இறைச்சி ஆசை. வாயை மூடு என்றேன். மூடினான். இருபது அடி போயிருக்க மாட்டோம். துவக்கை நீட்டினேன், இரண்டும் ஒன்றாகப் புரண்டன, வெடி வைக்க முடியவில்லை. அதன் பிறகுதான் கோடாலி.

நான் சொல்லித்தான் வாயை மூடினான் என்று அவன் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வில்லைப் பிடித்தவன் சத்தம் போட மாட்டான், தெரியும். இருபது மீட்டருக்குள் வரும்வரை மூச்சையும் பிடித்துக்கொண்டு இருப்பாய். ஆனால் காரிலிருந்து பரணுக்குப் போகும் வழியில் உரக்கக் கதைத்துக்கொண்டு போ. கதைக்க ஆளில்லை என்றால் சிக்னல் கிடைக்கும் மட்டும் எங்களைக் கூப்பிடு. உங்கள் விடியற்காலை எங்களுக்குப் பின்னேரம். வயலில் நின்றாலும் எடுப்பேன்.

ஸ்பிரேயை இடுப்பில் கட்டு.

அப்பா