சின்னவளின் தும்மலுக்கு என்ன மருந்து?

அன்புள்ள முருகா,

உன் கடிதம் கிடைத்தது. வேலை மாறியதில் சந்தோஷம், இனிமேலாவது ராத்திரியில் வீட்டில் இருப்பாய். இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. நீ எழுதியதில் பாதி சின்னவளைப் பற்றித்தானே, அதற்கே வருகிறேன்.

எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கொழுகல், கசக்கிக் கசக்கிச் சிவந்த கண், இதற்கெல்லாம் வீட்டில் இருக்கிற பழைய சிரப்பைக் கொடுத்தால் நன்றாகத் தூங்குகிறாள், மருந்து கேட்கிறது என்கிறாய். அந்தத் தூக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. குளோர்பெனிரமின் மாதிரிப் பழைய அலர்ஜி மருந்துகள் மூளைக்குள்ளும் போய்விடும். மூக்கில் அரிப்பைக் கிளப்புகிற ஹிஸ்டமின் என்கிற உடம்பின் ரசாயனம்தான் மூளையில் நம்மை விழிப்பாகவும் வைத்திருக்கிறது, மருந்து இரண்டையும் சேர்த்து அடக்கிவிடும். அதனால் அவள் தூங்கினாள் என்பதை வைத்து அலர்ஜி அடங்கியது என்று சொல்ல முடியாது. மறுநாள் பள்ளிக்கூடத்திலும் மந்தமாக உட்கார்ந்திருப்பாள். சில குழந்தைகள் நேர் எதிராக, தூங்காமல் ஆட்டம் போடுவதும் உண்டு. இதே பழைய வகையில் வரும் ப்ரோமெத்தசினை 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சே அடங்கிப்போகலாம்.

இப்போது டாக்டர்கள் முதலில் எழுதுவது செட்டிரிசின், லோரடடின், பெக்ஸோபெனடின் வகைகளைத்தான். புதுசு என்று பயப்படாதே, செட்டிரிசின் 1980களிலேயே வந்துவிட்டது. மூளைக்குள் அதிகம் போகாது, செட்டிரிசின், லோரடடின் எல்லாம் ஒரு வேளை கொடுத்தால் ஏறக்குறைய நாள் முழுக்க நிற்கும். செட்டிரிசினிலும் சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தூக்கம் வரும், அப்படியென்றால் இரவில் கொடுக்கச் சொல்வார்கள். பெக்ஸோபெனடினைப் பழச்சாறோடு கொடுத்துவிடாதே, உடம்பில் சேருவது குறைந்துபோகும், தண்ணீர் போதும்.

இந்த மருந்துகள், ஹிஸ்டமின் வந்து உட்கார வேண்டிய நாற்காலியில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிற ஆள் மாதிரி. அதனால் தும்மல் உச்சத்துக்குப் போனபின் கொடுப்பதைவிட, தொந்தரவு இருக்கிற காலத்தில் டாக்டர் சொன்னபடி தினமும் கொடுத்தால்தான் பலன் தெரியும். மூக்கடைப்புக்கு மட்டும் இது அவ்வளவாக உதவாது. அதற்கு மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே நன்றாக வேலை செய்யும், பேரைக் கேட்டதும் உன் மனைவி பதறுவாள், டாக்டரிடமே பேசச் சொல்.

அளவு விஷயத்தில் கறாராக இரு. சிரப் பொதுவாக 5 மில்லியில் 5 மில்லிகிராம் செட்டிரிசின் என்று வரும், 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு 2.5இல் தொடங்கி 5 மில்லிகிராமைத் தாண்டமாட்டார்கள். சமையலறைக் கரண்டியைத் தொடாதே, பாட்டிலோடு வரும் மூடியில் 2.5 மில்லி என்று கோடு இருக்கும், அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஊற்று. சளி, இருமல் சிரப்பின் லேபிளையும் ஒருமுறை படித்துப் பார், அதிலும் குளோர்பெனிரமின் ஒளிந்திருக்கலாம், தெரியாமல் இரட்டிப்பாகிவிடும்.

ஏதாவது சாப்பிட்டபின் உதடு வீங்கி, மூச்சு இரைத்து, வாந்தியும் எடுத்தால் சிரப்பைத் தேடிக்கொண்டு நிற்காதே. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசிதான், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

அப்புறம், தோலில் குத்திப் பார்க்கிற அலர்ஜி சோதனைக்கு முன் சில நாள் இந்த மருந்துகளை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தோல் தடிக்காமல் ஒன்றுமே இல்லை என்று வந்துவிடும். எத்தனை நாள் என்று தேதி வாங்கும்போதே கேட்டுக்கொள். போய்வந்து என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
செல்வம்