இடிப்பதற்கு முன் ஒரு மணி நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டையில் நான் தினமும் கடந்துபோகும் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் போன மாதம் இடித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் தன் வீட்டை இடிக்கிறார், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திண்ணை எவ்வளவு உயரம், தூணுக்கும் தூணுக்கும் எத்தனை அடி என்று அளந்துகொள்ள அனுமதி கேட்டு வைத்திருந்தேன், அடுத்த ஞாயிறு வாருங்கள் என்றார், டேப்போடு போனால் மண்மேடுதான் இருந்தது. அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

நானும் நண்பர்கள் நான்கு பேரும் மேசைமேல் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள். 6 அடிக்கு 4 அடி மேசை, 28 மில்லிமீட்டர் சிப்பாய் பொம்மைகள், தாயக்கட்டை, அளக்க ஒரு டேப், அவ்வளவுதான். 1812-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் அரசருக்குச் செய்துகொடுத்த மேசையில் தொடங்கி, அவர் மகன் 1824-ல் விதிகளைத் திருத்தி ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சியாக ஆன ஆட்டத்தின் வழியில் வந்தது இது. நாங்கள் ஆடுவது திப்புவுக்கும் கிழக்கிந்தியக் கும்பெனிக்கும் 1790 முதல் 1792 வரை நடந்த போரை. அந்தப் போர் முடிந்த ஒப்பந்தத்தில்தான் நம் சேலம் பகுதி கும்பெனி கைக்குப் போனது. விற்பனைக்கு வரும் மாடல் வீடுகளோ பெரும்பாலும் ஐரோப்பியக் கிராமங்கள், இடிந்த சர்ச்சுகள். நம்மூர்ச் சண்டைக்கு நடுவில் பிரான்ஸ் நாட்டு வீடு நின்றால் எப்படி இருக்கும்? அதனால் நாங்களே கட்டுகிறோம்.

கட்டுவது எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வெறும் பொம்மை என்று நினைக்கிறவர்கள் அதிகம். 56-ல் ஒரு பங்கு அளவு. இரண்டரை அடித் திண்ணை 14 மில்லிமீட்டர் ஆகும், 20 அடி முகப்பு 11 சென்டிமீட்டர் ஆகும். ஆறடிக் கதவு கணக்குப்படி 33 மில்லிமீட்டர்தான், ஆனால் பொம்மை ஒரு வட்டத் தட்டின்மேல் நிற்பதால் 38 வரை வைத்தால்தான் கண்ணுக்குச் சரியாக இருக்கும். சுவருக்குக் கெட்டியான ஃபோம் அட்டை, அதில் கல் மாதிரி வர அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி அழுத்த வேண்டும். நாட்டு ஓட்டுக்கு அட்டைப்பெட்டியின் மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளே இருக்கும் நெளிவு அப்படியே ஓட்டு வரிசை. கூரை கழன்று வர வேண்டும், அப்போதுதான் சிப்பாயை உள்ளே வைக்க முடியும். ஸ்ப்ரே பெயிண்டை நேராக அடித்தால் ஃபோம் உருகிப்போகும், முதலில் ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் கலந்து இரண்டு கை பூச வேண்டும். அப்புறம் செம்மண் நிறம், அதன்மேல் தண்ணீராகக் கரைத்த பழுப்பு, அது ஓட்டு இடுக்கில் இறங்கிக் காய்ந்ததும் பிரஷைத் துணியில் துடைத்துவிட்டு வெளிர்நிறத்தை மேலாக ஒரு தேய். அந்தக் கடைசித் தேய்ப்பில் அட்டை வீடாக மாறுகிற நேரம் இருக்கிறதே, எத்தனை வீடு கட்டினாலும் எனக்கு அது அலுக்கவில்லை. ஏற்காட்டில் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நண்பர் கவாத்தில் விழும் காப்பிக் குச்சிகளைக் கொண்டுவருவார், அதுதான் எங்கள் மரங்கள். மூடுபனி மாதங்களில் அங்கே ஃபெவிகால் காய இரண்டு நாள் ஆகிறது என்பார்.

பிள்ளைக்குச் சண்டையைச் சொல்லிக்கொடுக்கிறாயா என்று என் அக்கா கேட்டார். அவர் மகன்தான் எங்களோடு உட்கார்ந்து சங்ககிரிக் கோட்டை வாசலைக் கட்டினான். கட்டிக்கொண்டிருக்கும்போதே, தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்டது இந்தக் கோட்டையிலா மாமா என்று கேட்டு, அடுத்த வாரமே மலையேறிப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தான். பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை முன்பே படித்தவன்தான்.

கோட்டைக்குத் தொல்லியல் துறை இருக்கிறது. வாசலில் திண்ணையும் நடுவில் முற்றமும் உள்ள சாதாரண வீட்டுக்கு யாரும் இல்லை. சேலம், ஆத்தூர், ஓமலூர் பக்கம் அப்படிப்பட்ட வீட்டை இடிக்கப்போகிற வாசகர்கள், ஜே.சி.பி. வருவதற்கு முன்னால் யாரையாவது கூப்பிட்டு அளந்துகொள்ளச் சொல்லுங்கள். எங்களைத்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, பக்கத்துக் கல்லூரியில் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் போதும். ஒரு மணி நேரம், ஒரு டேப், நான்கு பக்கமும் போட்டோ, திண்ணை உயரம், தூண் இடைவெளி, முற்றத்தின் நீள அகலம். நீங்களும் வாரம் ஒரு வீட்டை அளவுகளோடு உங்கள் சேலம் பக்கத்தில் போட்டால், முதல் வீட்டை அளந்து வரைந்து அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்மாப்பேட்டை, சேலம்.