வெப்பநிலை சென்சார் டிரைவரைப் பராமரிக்கும் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மூன்று முறை பேட்ச் (நிரலுக்கான திருத்தம்) அனுப்பியும் பதில் வராததால்தான் பொதுவில் எழுதுகிறேன். விஷயம் உங்களுக்குப் புதிதில்லை. சென்சாரை இயக்கும் மென்பொருளான உங்கள் டிரைவர், சென்சார் தன் அளவை வைத்திருக்கும் ரெஜிஸ்டரைப் படிக்கும் ஃபங்ஷன் எதைத் திருப்பித் தந்தாலும், அதை நேராக, மைனஸ் எண்ணே கொள்ளாத 16 பிட் குறியில்லா மாறியில் போட்டுக்கொள்கிறது. படிக்க முடியாதபோது வருவது மைனஸில் ஒரு பிழை எண், அது வெப்பநிலையே அல்ல. அதைச் சோதித்துவிட்டு மேலே போங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

போன வாரம் ஒரு ராத்திரி எங்கள் சர்வரில் சென்சார் கேபிள் தளர்ந்துவிட்டது. சென்சாரோடு பேசும் பஸ் கன்ட்ரோலர் ஒழுங்காக -5 என்று பிழை சொன்னது. மாறிக்குள் போனதும் அது 65531 ஆனது, டிரைவர் அதையே குறியுள்ள எண்ணாக எடுத்து நான்கு பிட் வலப்பக்கம் தள்ள (16 ஆல் வகுத்துக் கீழ்நோக்கி முழு எண்ணாக்குவது போல) -1 ஆனது, படிக்கு 0.0625 டிகிரி என்று பெருக்கி -62 மில்லிடிகிரி என்று காட்டிவிட்டது. லாகில் மில்லிடிகிரிக் கணக்கில் 61000 (அதாவது 61 டிகிரி), 63000, 66000 என்று ஏறிக்கொண்டிருந்த எண்கள் அப்புறம் விடியும்வரை -62, -62, -62. பெட்டி குளிர்ந்துவிட்டதென்று நம்பி ஸ்கிரிப்ட் ஃபேனை நிறுத்திவிட்டது. பிழை என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் அதே ஸ்கிரிப்ட் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கும். காலையில் பெட்டியைத் தொட முடியவில்லை, இரண்டு டிஸ்க் போய்விட்டன.

நீங்கள் பைட் வரிசையில் கவனமாகத்தான் இருந்திருக்கிறீர்கள், மேல் பைட்டை முதலில் அனுப்பும் சென்சாருக்கு பைட்டை மாற்றித் தரும் ஃபங்ஷனையே அழைத்திருக்கிறீர்கள். அந்த ஃபங்ஷன் பிழை எண்ணைப் புரட்டாமல் அப்படியே தருகிறது. அவ்வளவு பத்திரமாக வந்து சேர்ந்ததை அடுத்த வரியிலேயே ஒரு காஸ்ட் (எண்ணை வேறு வகையாகக் கட்டாயமாக மாற்றுவது) போட்டு அழித்துவிடுவது எனக்கு ஆறவே இல்லை. இங்கே மட்டுமில்லை, கம்பைலர் எச்சரித்தால் காரணம் பார்க்காமல் காஸ்ட் போட்டு வாயடைக்கும் பழக்கம் பல டிரைவர்களில் இருக்கிறது, அதன் விலையைக் கொடுப்பது எங்களைப் போல அதை ஓட்டுகிறவர்கள்.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். மாறியை இன்ட் (மைனஸும் கொள்ளும் முழு எண் வகை) ஆக்குங்கள், பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் அந்தப் பிழையை அப்படியே திருப்பி அனுப்புங்கள், அதற்குப் பிறகு 16 பிட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே வரி மாற்றம். என் பேட்ச் பிடிக்காவிட்டால் நீங்களே எழுதுங்கள், என் பெயர்கூட வேண்டாம். இன்னும் பராமரிப்பில் இருக்கும் பழைய ஸ்டேபிள் கெர்னல் பதிப்புகளுக்கும் அது போய்ச் சேரும்படி தயவுசெய்து குறித்து அனுப்புங்கள்.